பனியைக் காப்பது யார்? யாரிடமிருந்து?

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சின் போக்கு கெடாமல் சில இடங்கள் மட்டும் திருத்தப்பட்டுள்ளன.)



நோட்டீஸில் தலைப்பைப் பார்த்துட்டு நேத்து ராத்திரி ஒரு தோழர் வீட்டுக்கே வந்துட்டார். "நம்ம தெருக் குழாய்ல தண்ணி வந்து நாலு நாளாச்சு. நீ வட துருவத்துல பனி உருகறதப் பத்திப் பேசப் போறியா? இதெல்லாம் வயிறு நிறைஞ்சவன் பேச்சு இல்லையா?" என்று கேட்டார். கோபமாத்தான் கேட்டார். நியாயமான கோபம். இங்கே சுற்றுச்சூழல் பேச வந்தவர்களில் பலர் புலியைப் பற்றிப் பேசினார்கள், பறவையைப் பற்றிப் பேசினார்கள். மலக்குழிக்குள் இறங்குகிறவன் இழுக்கிற காற்று அவர்கள் பேச்சில் வரவேயில்லை. அதனால் 'இயற்கையைக் காப்போம்' என்று யாராவது ஆரம்பித்தாலே நமக்குச் சந்தேகம் வருது. வரணும்.

ஆனாலும் நான் தலைப்பை மாற்றவில்லை. காரணம் சொல்றேன். துருவப்பனி என்றதும் நம்ம கண்ணுக்கு என்ன தெரியுது? வெள்ளை வெளி, ஒரு கரடி, அவ்வளவுதான். மனுசங்க தெரியறதில்லை. ஏன் தெரியறதில்லை என்பதுதான் என் பேச்சு.

2019 ஜூன் மாதம் ஒரு புகைப்படம் உலகம் முழுக்கப் போச்சு. கிரீன்லாந்தின் வடமேற்கில், டேனிஷ் வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டெஃபன் ஓல்சன் எடுத்தது. நாய்கள் சறுக்குவண்டி இழுத்துக்கொண்டு போகின்றன. ஆனால் பனியைக் காணோம். கணுக்கால் அளவு நீலத் தண்ணீரில் நாய்கள் நடக்கின்றன, கடல் மேலேயே நடக்கிற மாதிரி. அடியில் கடல்பனி இருக்கு. மேல்பனி உருகின தண்ணி வடிய வழியில்லாமல் நிற்கிறது. அந்த வண்டி போய்க்கொண்டிருந்தது ஒரு சாலையில். அங்கே பனிதான் சாலை. அதுதான் வேட்டைக்களம், அதுதான் வயல். அந்தச் சாலையைப் பயன்படுத்துகிற மக்களை நாம் 'எஸ்கிமோ' என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தோம். அது மற்றவர்கள் வைத்த பேர். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது இனுயிட். அந்தச் சொல்லுக்கு மனிதர்கள் என்று அர்த்தம்.

முதலில் கணக்கு. நான் வங்கி எழுத்தர், பேரேடு பார்த்துப் பழகியவன். அப்படித்தான் சொல்ல வரும்.

வெயில் பூமிக்கு வருகிற வரவு. பனி மூடிய கடல்பனி அந்த வெயிலில் 80, 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பிடும். மேலே பனித்தூவல் இல்லாத வெறும் கடல்பனி என்றாலும் பாதிக்கு மேலே திருப்பும். பனி போய்க் கடல் திறந்துகொண்டால் என்ன ஆகும்? கடல் திருப்புவது சுமார் 6 சதவீதம்தான். மிச்சம் எல்லாத்தையும் வாங்கி வச்சுக்கும். கடல் சூடாகும். அந்தச் சூடு பக்கத்துப் பனியை உருக்கும். இன்னும் கொஞ்சம் கடல் திறக்கும். வட்டிக்கு வட்டி போடுற கணக்கு இது. (வெள்ளை நல்லது, கருப்பு கெட்டது என்று இதை வைத்து எவனாவது வேதம் எழுதிடப் போறான். கருப்பு வாங்கிக்கொள்கிறது, வெள்ளை திருப்பி அனுப்புகிறது, விஷயம் அவ்வளவுதான்.) 1979இலிருந்து வடதுருவப் பகுதி உலக சராசரியைப்போல ஏறத்தாழ நாலு மடங்கு வேகத்தில் சூடாகி வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

கோடை முடிகிற செப்டம்பரில்தான் ஆர்க்டிக் கடல்பனி மிகக் குறைவாக இருக்கும். 1980களில் அப்போதும் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் இருந்தது. 2012இல் அது 34 லட்சத்துக்கு இறங்கியது. 2050க்குள் ஒரு செப்டம்பராவது அங்கே கடல்பனி ஏறக்குறைய இல்லாமல் போகும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021 அறிக்கையில் சொல்லிவிட்டது.

ரெண்டு வகைப் பனியைப் பிரித்துப் பார்க்கணும். கடலில் மிதக்கிற பனி உருகினால் கடல்மட்டம் ஏறாது. டம்ளரில் மிதக்கிற ஐஸ்கட்டி கரைந்தால் தண்ணி வழியாது, அந்த மாதிரி. நிலத்தின் மேலே கிடக்கிற பனி வேற. கிரீன்லாந்தின் பனி முழுதும் உருகினால் உலகக் கடல்மட்டம் 7 மீட்டருக்கு மேலே ஏறும். அண்டார்க்டிகா முழுதும் என்றால் 58 மீட்டர். அதெல்லாம் நாளைக்கே நடக்காது, நூற்றாண்டுக் கணக்கான சமாச்சாரம். ஆனால் கிரீன்லாந்து இப்போதே ஆண்டுக்கு சுமார் 27,000 கோடி டன் பனியை இழக்கிறது. இன்னொரு வித்தியாசம்: சூடாவது நின்றால் கடல்பனி குறைவதும் நிற்கும், குளிர்ந்தால் திரும்பி வரும். நிலப்பனி அப்படி இல்லை. ஒரு எல்லைக்கு மேல் சரிய ஆரம்பித்தால் நம்ம பேரன் பேத்தி காலத்தில் திரும்பி வராது.

இதில் நம்ம பக்கம் ஏன் பார்க்கணும் என்பதற்கு ஒரு செய்தி. கிரீன்லாந்துப் பனி பெரிய மலை மாதிரி. அதன் எடை கடல்நீரைத் தன் பக்கம் ஈர்த்து வைத்திருக்கு. அது உருகி எடை குறைஞ்சா, பக்கத்துக் கடல் கீழே இறங்கும். தூரத்துக் கடல் கூடுதலா ஏறும். உருகறது அங்கே. ஏறுவது வெப்பமண்டலக் கரைகளில். வங்கக் கடற்கரையில் குடிசை போட்டிருக்கிறவன் கிரீன்லாந்தை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டான். ஆனா கணக்கு அவன் பேரில் எழுதப்படுகிறது.

சரி, இந்தக் கடனை வாங்கினது யார்? 2016இல் டிர்க் நோட்ஸ், ஜூலியென் ஸ்ட்ரோவ் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். காற்றில் விடுகிற ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் செப்டம்பர் கடல்பனியில் 3 சதுர மீட்டர் போகிறது. 3 சதுர மீட்டர்னா ரெண்டு கயித்துக் கட்டில் போடுகிற இடம். ஒரு அமெரிக்கன் ஆண்டுக்கு சராசரியா சுமார் 14 டன் விடுகிறான். 42 சதுர மீட்டர். நம்ம ஊரில் ஒரு குடும்பம் குடியிருக்கிற வீடு. இந்தியருக்கு சராசரி சுமார் 2 டன். அந்த 2 டன்னும் பொய் சராசரிதான். வீடு முழுக்க ஏ.சி. போட்டவனையும் சுள்ளி பொறுக்கி அடுப்பு எரிக்கிறவளையும் கூட்டி ரெண்டால் வகுத்தால் வருகிற எண் அது. உலக மக்களில் ஆறில் ஒரு பங்குக்கு மேலே இந்தியாவில் இருக்கோம். இதுவரை காற்றில் சேர்ந்த கரியமிலத்தில் இந்தியாவின் பங்கு 4 சதவீதம்கூட இல்லை. அமெரிக்காவின் பங்கு மட்டும் நாலில் ஒன்று. இதைச் சொல்லி இங்கே இருக்கிற பெரிய முதலாளி ஒளிஞ்சுக்குவான், 'ஏழை நாடு' என்று ஏழையின் முதுகுக்குப் பின்னாடி நின்னுக்குவான். அதையும் நாம பார்த்துக்கணும்.

இப்ப பனிமேல் இருக்கிற மனுசங்களுக்கு வர்றேன்.

கனடா அரசாங்கத்துக்கு இனுயிட் பெயர்கள் வாயில் நுழையவில்லை. 1941இலிருந்து ஒவ்வொருத்தருக்கும் ஒரு வட்ட வில்லை கொடுத்தார்கள். அதில் ஒரு எண். கழுத்தில் கட்டிக்கணும், இல்லைன்னா துணியில் தைச்சுக்கணும். அதிகாரி கேட்டால் எண்ணைச் சொல்லணும். முப்பது ஆண்டு இப்படி நடந்தது. கழுத்தில் கலயம் கட்டினவர்கள் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1953லயும் 1955லயும் இன்னொன்று நடந்தது. கியூபெக்கின் வடக்கே இருந்த இனுக்ஜுவாக் ஊரிலிருந்தும், வழியில் இன்னொரு ஊரிலிருந்தும் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி வடக்கே கொண்டுபோனார்கள். மொத்தம் 92 பேர். சுமார் 2,000 கிலோமீட்டர் தூரம். அங்கே நல்ல வேட்டை கிடைக்கும், பிடிக்கலைன்னா ரெண்டு வருசத்தில் திரும்பிடலாம் என்று வாக்குக் கொடுத்தார்கள். கொண்டுபோய் இறக்கின இடத்தில் குளிர்காலம் முழுக்கச் சூரியனே வராது. வாக்கு காப்பாற்றப்படவில்லை. ஆளில்லாத தீவில் ஆள் இருந்தால்தான் அந்தத் தீவு கனடாவுடையது என்று உலகத்துக்குக் காட்ட முடியும். கொடிக்கம்பத்துக்குப் பதிலாக மனுசங்களை நட்டார்கள் என்று அந்த மக்கள் சொல்கிறார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல்.

அதே 1953இல் கிரீன்லாந்தில் தூலே என்ற இடத்தில் அமெரிக்க விமானதளம் விரிந்தது. அங்கே தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழ்ந்தவர்களை, சில நாள் அவகாசத்தில், நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கானாக் என்ற இடத்துக்கு விரட்டினார்கள். 1968 ஜனவரியில் நாலு ஹைட்ரஜன் குண்டுகளோடு ஒரு பி-52 விமானம் அந்தத் தளத்துக்கருகே கடல்பனியில் விழுந்து நொறுங்கியது. கேம்ப் செஞ்சுரி என்று பனிக்குள்ளே சுரங்கம் தோண்டி அணு உலை வைத்து ஒரு முகாம் நடத்தி, 1967இல் கைவிட்டுப் போனார்கள். உலையை எடுத்துக்கிட்டுப் போனார்கள். கழிவை விட்டுட்டுப் போனார்கள். பனி என்றைக்கும் மூடி வைத்திருக்கும் என்று நினைப்பு. ஊரின் குப்பையை எந்தப் பக்கம் கொட்டணும் என்று முடிவு செய்கிறவர்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி யோசிக்கிறார்கள். அந்தப் பனியும் இந்த நூற்றாண்டு முடிவில் கரையத் தொடங்கலாம் என்று 2016இல் ஓர் ஆய்வு சொல்லியது.

இப்படிப்பட்ட வரலாறு உள்ள மக்கள் 2005இல் ஒரு மனு போட்டார்கள். ஷீலா வாட்-க்ளூட்டியே என்ற இனுயிட் பெண் தலைமையில், வேட்டைக்காரர்களும் பெரியவர்களுமாக 62 பேர் கூட நின்று, அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்திடம் போட்ட மனு. அமெரிக்க அரசுக்கு எதிரானது. நீங்க விடுகிற புகையால் எங்க பனி உருகுது, பனி போனா எங்க உணவு போச்சு, வழி போச்சு, மொழி போச்சு. இது மனித உரிமை மீறல் என்றார்கள். குளிராக இருப்பது எங்கள் உரிமை என்றார்கள். நமக்கு இது வேடிக்கையாக இருக்கும், நாம நிழலுக்கு உரிமை கேட்கிறவங்க. ஆனால் கேட்கிற விதம் ஒன்றுதான். அவங்க இரக்கம் கேட்கலை. கரடியைக் காப்பாத்துங்கன்னு கெஞ்சலை. எங்க உரிமைன்னாங்க. அடுத்த ஆண்டு ஆணையம் மனுவை எடுத்துக்கொள்ளவில்லை. 2007இல் நேரில் கூப்பிட்டுப் பேச மட்டும் வைத்தது. மனு தோற்றது. ஆனால் பனி உருகுவதை மனித உரிமைப் பிரச்சினையாகப் பேசலாம் என்பது அதற்குப் பிறகு யாராலும் மறுக்க முடியாததாகிவிட்டது.

இப்போது 'பனியைக் காப்பாற்றும்' திட்டங்கள் நிறைய வருகின்றன. ஒன்று ரெண்டு சொல்றேன்.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் டெஷ் குழுவினர் ஒரு யோசனை வைத்தார்கள். குளிர்காலத்தில் கடல்நீரைப் பம்பு செய்து பனிமேல் தெளித்தால் சீக்கிரம் உறைந்து பனி ஒரு மீட்டர் தடிக்கும். ஆர்க்டிக் கடலில் பத்தில் ஒரு பங்குக்கு ஒரு கோடி காற்றாலைப் பம்புகள், பத்து ஆண்டில் 50,000 கோடி டாலர். இதேபோன்ற பம்பு முறையைச் சின்ன அளவில் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் கனடாவின் கேம்பிரிட்ஜ் பே பகுதியில் சோதித்து வருகிறது. இன்னொன்று, மணல் போன்ற கண்ணாடிக் குமிழ்களைப் பனிமேல் தூவி வெயிலைத் திருப்பி அனுப்புவது. அலாஸ்காவில் ஒரு ஏரியில்கூடத் தூவிப் பார்த்தார்கள். அலாஸ்காவின் பூர்வகுடி அமைப்புகள் எதிர்த்தன. ஆர்க்டிக் உணவுச் சங்கிலிக்கு ஆபத்து இருக்கலாம் என்று சோதனையில் தெரிந்ததாகச் சொல்லி 2025இல் அந்தத் திட்டத்தை அவர்களே மூடினார்கள். மூன்றாவது, அண்டார்க்டிகாவில் த்வைட்ஸ் என்ற பிரம்மாண்டமான பனியாறு. அது ஒன்று சரிந்தாலே கடல்மட்டம் 60 சென்டிமீட்டருக்கு மேலே ஏறும். வெதுவெதுப்பான கடல்நீர் அடியில் புகுந்து அரிக்கிறது. கடலடியில் 80 கிலோமீட்டருக்குத் திரை கட்டி அந்த நீரைத் தடுக்கலாம் என்று ஒரு யோசனை. கட்ட 4,000 முதல் 8,000 கோடி டாலர், பராமரிக்க ஆண்டுக்கு 100 முதல் 200 கோடி.

இவங்க எல்லாம் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரலை. பயந்துபோன ஆட்கள். பயத்துக்குக் காரணமும் இருக்கு. ஆனால் 2025 செப்டம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்ட துருவ ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஐந்து திட்டங்களை எடுத்து அலசி, எதுவும் வேண்டிய அளவில், வேண்டிய காலத்தில் நடக்காது, ஆபத்தும் உண்டு, உமிழ்வைக் குறைக்கும் வேலையிலிருந்து கவனத்தைத் திருப்பும் என்று எழுதினார்கள். எங்க வங்கி பாஷையில் சொன்னால் இது பழைய கடனுக்கு வட்டி கட்டப் புதுக் கடன் கொடுக்கிற வேலை. ஏட்டில் கணக்கு சுத்தமாத் தெரியும். கடன் ஏறிக்கிட்டே இருக்கும்.

யாரைக் கேட்டுச் செய்கிறீர்கள் என்ற கேள்வியும் இருக்கு. 2021இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுவீடனின் வடக்கே கிரூனாவிலிருந்து ஒரு பலூன் விட இருந்தார்கள். வெயிலை மறைக்கும் துகள்களை வானத்தில் தூவும் ஆய்வின் முதல் படி. அது சாமி பூர்வகுடிகளின் மண். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கலை. சாமி கவுன்சில் கடிதம் எழுதியது. பலூன் பறக்கவில்லை. 2024இல் அந்தத் திட்டமே முடிந்தது.

பாதுகாப்பு என்ற பேரில் நல்லவர்கள் செய்த தீங்கும் உண்டு. 1970களில் கடல்நாய்க் குட்டிகளைக் கொல்லாதே என்று ஐரோப்பாவில் பெரிய பிரச்சாரம் நடந்தது. படங்களைப் பார்த்து மக்கள் அழுதார்கள். 1983இல் ஐரோப்பிய நாடுகள் குட்டித்தோல் இறக்குமதியைத் தடை செய்தன. இனுயிட்கள் அந்தக் குட்டிகளை வேட்டையாடுகிறவர்கள் இல்லை. பெரிய கடல்நாயைச் சாப்பாட்டுக்குக் கொன்று தோலை விற்கிறவர்கள். ஆனால் தோல் சந்தையே விழுந்துவிட்டது. துப்பாக்கித் தோட்டாவுக்கும் எரிபொருளுக்கும் வந்துகொண்டிருந்த காசு நின்றது. அவங்க திங்கிறது, உடுத்துறது எல்லாம் 'கொடூரம்' ஆச்சு. அடுத்தவன் சாப்பாட்டைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவன் எப்படிப் பேசுவான் என்று மாட்டுக்கறி சாப்பிடுகிற நமக்குத் தெரியும். அந்தப் பிரச்சாரத்தில் முன்னணியில் நின்ற கிரீன்பீஸ், தன் பங்குக்கு 2014இல் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்போடு நிற்கவில்லை, அதே ஆண்டு தொடங்கிய ஒரு போராட்டத்தில் ஒரு இனுயிட் ஊருக்குத் துணையாக நின்றது. அந்த ஊர்க் கதையைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்லணும்.

ஊர் பேர் கிளைட் ரிவர். அவர்கள் மொழியில் கங்கிக்துகாப்பிக். பாஃபின் தீவின் கிழக்குக் கரையில், சுமார் ஆயிரம் பேர். கடலுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க, கப்பலிலிருந்து காற்றுத் துப்பாக்கியால் தண்ணீருக்குள் வெடிச்சத்தம் எழுப்பிச் சோதிப்பார்கள். அப்படி ஐந்து ஆண்டு சோதிக்க நிறுவனங்கள் அனுமதி கேட்டன. திமிங்கிலமும் கடல்நாயும் ஓடிப் போனால் ஊருக்குச் சாப்பாடு கிடையாது. ஊர்க்கூட்டம் போட்டார்கள். எந்தெந்த உயிருக்கு என்ன ஆகும் என்று மக்கள் கேட்டார்கள். வந்தவர்களிடம் சரியான பதில் இல்லை. அப்புறம் எழுத்தில் பதில் தருகிறோம் என்று தந்தார்கள். எத்தனை பக்கம் தெரியுமா? 3,926 பக்கம். பெரும்பகுதி ஆங்கிலம். இனுக்டிடூட் மொழியில் கொஞ்சம்தான். இணையத்தில் போட்டு வைத்தார்கள். அந்த ஊரில் இணையம் ஆமை வேகம். கேள்வி கேட்டவர்கள் படிக்க முடியாத பதில். இதையே 'கலந்தாலோசனை' என்று கணக்கில் எழுதி, 2014இல் கனடாவின் தேசிய எரிசக்தி வாரியம் அனுமதி கொடுத்தது.

இதைப் படிச்சப்ப எனக்குத் தூக்கம் வரலை, தோழர்களே. காரணம் அந்த நிறுவனத்தின் மேல் வந்த கோபம் மட்டும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசில் ஒரு கிராமத்துக் கிளையில் இருந்தேன். ஒரு அம்மா வந்தாங்க, நம்ம தெருவு அம்மாதான். ஜாமீன் பத்திரம், ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு பக்கம். "இதுல என்னா தம்பி எழுதியிருக்கு?"ன்னு கேட்டாங்க. கவுண்டரில் கூட்டம். மேலாளர் என்னையே பார்த்துக்கிட்டு இருக்கார். "ஒண்ணுமில்லம்மா, எல்லாருக்கும் உள்ளதுதான்"னு சொல்லி, அவங்க கட்டைவிரலைப் பிடிச்சு மையில் தொட்டு நான்தான் வச்சேன். ஒரு வருசம் கழிச்சு, மகன் கட்டாத கடனுக்கு அவங்க பேருக்கு நோட்டீஸ் போச்சு. அதை டைப் அடிச்சதும் நான்தான். 3,926 பக்கம் பெரிய விஷயம் இல்லை. பன்னிரண்டு பக்கமே போதும், ஒரு ஆளை மூட. நடுவில் நிற்கிற படிச்சவன் வாயை மூடிக்கிட்டா போதும்.

கிளைட் ரிவரில் படித்தவர்கள் வாயை மூடவில்லை. ஜெர்ரி நடனின் அப்போது ஊர்த்தலைவர். ஊர்ச் சபையும் வேட்டைக்காரர் சங்கமும் வழக்குப் போட்டன. கீழே தோற்றார்கள். உச்ச நீதிமன்றம் போனார்கள். 2017 ஜூலை 26ஆம் தேதி கனடா உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: இது ஆலோசனையே இல்லை, மக்களால் எட்ட முடியாத ஆவணத்தைக் கொட்டிவிட்டால் ஆலோசனை ஆகாது, அனுமதி ரத்து. ஆயிரம் பேர் ஊர் ஜெயிச்சது.

பனியைக் காப்பதற்கு நான் பார்த்த வரையில் பெரிய காரியம் இது. பம்பும் இல்லை, கண்ணாடியும் இல்லை. எண்ணெய் கடலடியிலேயே கிடக்கிறது. எடுக்காத எண்ணெய் எரியாது. எரியாத எண்ணெய் பனியை உருக்காது. இதில் உள்ள கொடுமையைப் பாருங்க: பனி உருக உருகத்தான் கப்பலுக்கு வழி திறக்குது, எண்ணெய்க்கு வழி திறக்குது. எண்ணெய் எரித்து உருக்கின பனி, அடுத்த எண்ணெய்க்குக் கதவு திறந்து விடுகிறது. அந்தக் கதவில் ஒரு சின்ன ஊர் குறுக்கே நின்றது. 2021இல் கிரீன்லாந்து அரசும் இனிப் புதிதாக எண்ணெய் தேட அனுமதி இல்லை என்று அறிவித்தது.

எல்லா இனுயிட்களும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்று நான் சொல்லலை. அலாஸ்காவின் வடகரையில் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் எண்ணெய் வரியில்தான் நடக்கின்றன. எண்ணெய் வேண்டும் என்கிற பூர்வகுடித் தலைவர்களும் இருக்கிறார்கள். பசியில் இருக்கிறவனிடம் போய் நீ உலகத்தைக் காப்பாற்று என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? கேட்கப்பட வேண்டியவர்களை முதலில் கேட்கணும், அவங்க மொழியில் கேட்கணும், வேண்டாம் என்றால் அது செல்லணும். நான் சொல்வது அவ்வளவுதான்.

அப்ப என்ன செய்யணும்? விஞ்ஞானிகள் சொல்வதில் புதிர் ஒன்றும் இல்லை. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதை வேகமாக இறக்கணும். அதிகம் எரித்தவன் முதலில், அதிகமாக இறக்கணும். மீத்தேன் கசிவை அடைக்கணும், அது சீக்கிரம் பலன் தரும். பனிமேல் படிந்து அதைக் கருக்க வைக்கிற புகைக்கரியை நிறுத்தணும். எண்ணெய்க் கிணறுகளில் வாயுவைக் கொளுத்தி விடுவதும் கப்பல் புகையும் அதில் அடக்கம். ஆர்க்டிக் கடலில் கப்பல்கள் கழிவெண்ணெய் போன்ற கன எரிபொருளைப் பயன்படுத்த 2024 ஜூலையிலிருந்து தடை வந்திருக்கு. அதிலும் 2029 வரை விலக்கு என்று ஓட்டை வைத்திருக்கிறார்கள். எல்ஸ்மியர் தீவின் வடக்கே, கடைசியாகப் பனி மிஞ்சும் என்று கருதப்படுகிற கடல்பகுதியை 2019இல் கனடா அரசும் இனுயிட் அமைப்பும் சேர்ந்து பாதுகாப்பில் கொண்டுவந்தன. அதற்குத் துவாயுயித்துக் என்று பேர். பனி உருகாத இடம் என்று அர்த்தம்.

அண்டார்க்டிகா எந்த நாட்டுக்கும் எழுதிக் கொடுக்கப்படாத கண்டம். 1959 ஒப்பந்தமும், சுரங்கம் தோண்டக்கூடாது என்கிற 1991 மாட்ரிட் உடன்பாடும் அதைக் காக்கின்றன. அந்த ஒப்பந்த நாடுகளின் கூட்டம் 2024 மே மாதம் நம்ம பக்கத்துக் கொச்சியில் நடந்தது. இந்தியாவுக்கு அங்கே ஓட்டு உண்டு, மைத்ரி, பாரதி என்று ரெண்டு நிலையங்களும் உண்டு. நம்ம பேரில் அங்கே என்ன பேசினார்கள் என்று நாம் கேட்டோமா? கேட்கலை. நமக்கு உரிய விஷயம் இல்லை என்று நாமே ஒதுங்கினோம். ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஒதுங்கிக்கொள்வது பழகிப் போகும். அதுதான் ஆபத்து.

முடிக்கிறேன். இனுக்டிடூட் மொழியில் உக்கியானாக்துக் என்று ஒரு சொல் இருக்கு. நல்லாப் பழகின சிநேகிதன் திடீர்னு முகம் தெரியாதவன் மாதிரி நடந்துக்கிட்டா அதைச் சொல்கிற சொல். இப்போது பெரியவர்கள் வானிலைக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். பனியை ஈட்டிக்கம்பால் தட்டிப் பார்த்தே எங்கே கால் வைக்கலாம் என்று சொல்லத் தெரிந்தவர்கள், இன்றைக்குத் தங்கள் கணிப்பை நம்ப முடியாமல் நிற்கிறார்கள். கவிதை எழுதுகிறவன் என்கிற முறையில் அந்தச் சொல்லை என்னால் எளிதாகக் கடந்து போக முடியலை.

நேத்து வீட்டுக்கு வந்த தோழர் இங்கேதான் உட்கார்ந்திருக்கார். தண்ணிக் குழாய்க்கான மனு தயார் பண்ணியிருக்கோம். கூட்டம் முடிஞ்சதும் எல்லாரும் இருந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. போடறதுக்கு முன்னாடி அதில் என்ன எழுதியிருக்குன்னு முழுசா வாசிச்சுக் காட்டறேன். சரியில்லாத இடத்தைச் சொல்லுங்க, மாத்திடுவோம்.